தொடையளவுத் தண்ணீர்

என் ஆசைக்கும் எரிச்சலுக்கும் சேர்த்து ஒரே ஆளாக இருந்த பூங்காவனத்தக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க வழியில்லை. அதனால் இங்கே எப்படி இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். தொப்பை இரண்டு விரற்கடை கூடியிருக்கிறது. உன் படத்துக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, "அவ போனதுலேர்ந்து ஒடம்பே சரியில்ல" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு என்னிடம் டீ கேட்கிறார்கள்.

அவருடைய தம்பி, அதாவது எனக்கு வாய்த்தவர், அண்ணனுக்குக் கொஞ்சமும் சளைத்தவர் இல்லை. ஏரிக்குப் போய் வலையைப் போட்டுவிட்டு வந்தால் அன்றைக்குக் குடத்தைக்கூட நகர்த்த மாட்டார். ஆனால் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "நம்ம ஒடம்பு இரும்பு மாதிரி கீது" என்பார். இரும்புதான். உப்புக்காற்றில் கிடக்கிற இரும்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

இந்தக் கார்த்திகை வந்தால் நீ போய் ஒரு வருஷம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் என்பதற்காக இருபது வருஷம் என்னைப் 'படிச்ச மேனாமினுக்கி' என்று கூப்பிட்டாயே, அந்தப் படிப்பு இப்போதுதான் ஒரு வேலைக்கு ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரும் கேட்கட்டும் என்றுதான் அச்சில் போடக் கொடுக்கிறேன்.

நம் வேலை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். பழவேற்காடு ஏரியில் ஆம்பிளைகள் படகிலும் வலையிலும் பிடிப்பார்கள். படம் பிடிக்க வருகிறவர்களும் அவர்களைத்தான் பிடிப்பார்கள். நாம் பெண்கள் ஒன்பது பேர் கையால் பிடிக்கிறவர்கள். தொடையளவுத் தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துக் குந்தி உட்கார்ந்தால் தண்ணீர் கழுத்துக்கு வரும். குந்தியபடியே வரிசையாக, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டு நகர வேண்டும். இறாலோ நண்டோ கையில் தட்டுப்படும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பறி என்கிற பனையோலைக் கூடை உண்டு. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வோம். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் இப்படித்தான் போகும்.

வாயில் பறி இருந்தால் பேச முடியாது. ஊருக்குள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு முழம் நாக்கு. ஏரியில் இறங்கிவிட்டால் ஒருத்திக்கும் வாய் கிடையாது. பக்கத்தில் இருப்பவளுக்கு இடுப்பு வலியா, காய்ச்சலா, பசியா என்று எவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் யாரும் பெரிதாக ஆசைப்பட்டதும் இல்லை.

வேலை முடிந்து எழும்போது யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை என்பது நம் வரிசையின் பெருமை. யார் ஆரம்பித்து வைத்த பெருமையோ, நாசமாய்ப் போகட்டும். மணியம்மா ஒரு நாள் கால் மரத்துப் போய், "ஒரு கை குடுங்கடி" என்று கேட்டுவிட்டாள், நினைவிருக்கிறதா? கொடுத்தது நீதான். தூக்கிவிட்ட கையோடு, "நாளையிலேர்ந்து நீ கரைல குந்திக்கினு நண்டுக்குக் கால் கட்டு, போ" என்று சொன்னதும் நீதான். எல்லோரும் சிரித்தோம், நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அவள் மறுநாளிலிருந்து தண்ணீரில் இறங்கவில்லை. சாகும்வரை அவளுக்குப் பெயர் 'கரைக்காரி'.

பிறகு உனக்கே முட்டி போனது. ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாய். வரிசை முடிந்து எல்லோரும் எழுந்தால் நீ மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நீங்க போய்க்கினே இருங்க, நா இன்னும் ரெண்டு தடவு தடவிட்டு வரேன்" என்பாய். பேராசைக்காரி, கடைசி இறாலையும் விட மாட்டாள் என்று நாங்கள் பேசிக்கொண்டு நடப்போம். உன்னைப் பற்றி அப்படிப் பேசுவதில் எங்களுக்கு ஒரு சுகம் இருந்தது.

ஒரு நாள் தலைத்துணியை விட்டுவிட்டேன் என்று பாதி வழியில் திரும்பி வந்தேன். நீ தண்ணீருக்குள் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாய். ஆம்பிளைகள் வலை கட்டுவதற்காக நட்டு வைத்திருந்த கழியை எட்டிப் பிடித்தாய். ஒரு கைக்கு மேல் ஒரு கை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உன் உடம்பை நீயே மேலே இழுத்தாய். நின்ற பிறகும் கழியை விடாமல் கொஞ்ச நேரம் அதன்மேல் நெற்றியை வைத்திருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன பிறவி நான், பார்.

அன்று சாயந்திரம் நீ அடுப்பாண்டை உட்கார்ந்து மீன் கழுவும்போது கேட்டேன். "இன்னாக்கா, கழியப் புடிச்சிக்கினு ஏறுறியே, மேல இன்னா தேங்காவா கீது?"

உன் கை நின்றது. "பாத்தியா?"

"பாத்தேன்."

"எவளாண்டயாவது வாயத் தொறந்தே, அப்புறம் எனக்கும் ஒனக்கும் சோறு தண்ணி கெடயாது, சொல்லிட்டேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்பினால் என்று யாராவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள். உன் குடுமி என் கையில் இருக்கிறது என்கிற மஜாவுக்காக. பாத்திரம் தேய்க்க யார் முறை என்று சண்டை வந்தால் நான் ஒன்றும் பேச மாட்டேன், உன் முட்டியை ஒரு பார்வை பார்ப்பேன். நீ வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்த் தேய்ப்பாய். எழுந்து போவதற்குச் சுவரைப் பிடிப்பாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார்த்திகையில் அது நடந்தது. வரிசை முடிந்து எழுந்தோம். நீ வழக்கம்போல் போகச் சொன்னாய். லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் கரையேறிய கொஞ்ச நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. அந்தக் காற்றுக்கு ஏரியில் தண்ணீர் ஒரு சாண் ஏறும். நிற்கிறவளுக்கு அது ஒன்றுமே இல்லை. உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கழுத்திலிருந்து மூக்குக்கு ஒரு சாண்தான். அந்த அலையில் தவழ்ந்து வரவும் முடியாது.

மழை விட்டபோது நீ தெரியவில்லை. உன் பறி மட்டும் ஒதுங்கி வந்தது. ஆம்பிளைகள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்த இடத்தில் தண்ணீர் அவர்களுடைய தொடைக்கு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நெஞ்சு நின்றிருக்கும், வேலை செய்துகொண்டே போய்விட்டாள், புண்ணியவதி. தொடையளவுத் தண்ணீரில் யாராவது மூழ்குவார்களா?

மறுநாளே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிட்டது. 'இறுதி மூச்சுவரை உழைத்த இரும்புப் பெண்மணி' என்று உன் பெயருக்கு மேலே போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை ராட்சசி என்று சொன்னவர்தான் அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவர். அதற்குக் கீழே வரிசையாக ஆம்பிளைகளின் படங்கள், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு. அதில் ஒருத்தராவது நீ ஒரு நாள் உட்கார்ந்த மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாரா? எனக்குப் போஸ்டரைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. இந்த ஆடியிலிருந்து என் வலது முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உட்கார முடிகிறது, உட்கார்ந்தே நகர முடிகிறது, தண்ணீர் பாதி பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. எழத்தான் முடியவில்லை. "நீங்க போய்க்கினே இருங்க" என்று இப்போது சொல்கிறவள் நான். அவர்கள் போன பிறகு நாலு காலில் தவழ்ந்து, தண்ணீர் வற்றின இடம்வரை போய், கையை ஊன்றிக் குழந்தை மாதிரி எழுகிறேன். நம் மகள் கவிதா பொன்னேரிக் காலேஜிலிருந்து வந்து, "நீ ஏம்மா டெய்லி லேட்டு? நைனா கத்துறாரு" என்கிறாள். அவளிடமும் இறாலைத்தான் சாக்குச் சொல்கிறேன்.

போன மாதம் ஊருக்கு ஒரு முகாம் வந்தது. ஏதோ ஒரு கம்பெனி நல்லது செய்கிறதாம். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பெரிய பேனர் கட்டினார்கள். 'அன்றாட வாழ்க்கைக்கான உடல் தகுதி' என்று எழுதி, அதன் பக்கத்தில் பல் வெளுத்த ஒரு வெள்ளைக்காரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை. வந்தால் முட்டையும் வாழைப்பழமும் சட்டையும் உண்டு என்றார்கள். எட்டுப் பேரும் போனோம்.

பயிற்சி கொடுக்க வந்த பையனைக் 'கோச்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அவன் ரயிலில் வந்து, பொன்னேரி என்று நினைத்து அதற்கு முந்தின ஸ்டேஷனான அனுப்பம்பட்டிலேயே இறங்கிவிட்டான். அங்கிருந்து கார் வந்து அள்ளிக்கொண்டு வரும்வரை ஒன்றரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தானாம். வந்ததும் முதல் பாடமே நடப்பதன் நன்மைகள். ராணியம்மா என் காதில், "அப்ப நடந்து வர்றதுதான நைனா?" என்றாள். நம் வரிசையில் உனக்குப் பிறகு அவள்தான் தலைமை. உன் அளவுக்குக் கொடூரம் இல்லை, ஆனால் முயற்சி செய்கிறாள்.

பையன் கையில் புடைப்பு, தொடையில் புடைப்பு, சட்டை மூச்சு விட முடியாமல் இருந்தது. உடல் தகுதி என்றால் பெரிய எடை தூக்குவது இல்லை, தினமும் செய்கிற வேலையைச் சிரமம் இல்லாமல் செய்வதுதான் என்றான். சரி, உருப்படியான பேச்சு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உதாரணம் சொன்னான் பார். காரிலிருந்து கடைப் பையை இறக்குவது, மூன்று மாடி ஏறுவது, விமானத்தில் பெட்டியைத் தலைக்கு மேலே வைப்பது. நம் ஊரில் மாடி என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கட்டடம்தான். அதிலும் மாடிக் கதவில் பூட்டு.

பிறகு சோதனை. கையால் இறுக்குகிற ஒரு மெஷினைக் கொடுத்தான். செல்வி இறுக்கியதும் பையன் அதைத் தட்டிப் பார்த்தான், கெட்டுவிட்டதோ என்று. தனம் இறுக்கினாள், நான் இறுக்கினேன், மறுபடியும் தட்டிப் பார்த்தான். சேற்றில் நண்டோடு மல்லுக்கட்டுகிற கைகளிடம் பொம்மையைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? அடுத்து, குந்தி உட்கார்ந்து எவ்வளவு நேரம் தாங்குகிறீர்கள் என்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். நாங்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். செல்வி மாமியார் கதை முடிந்தது, நண்டு வியாபாரி கதை முடிந்தது. பையன் கடிகாரத்தை நிறுத்திவிட்டான். "சூப்பர்மா, நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்றான். ராணியம்மா உதட்டைச் சுழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. ரொம்ப ஈசி. சம்மணம் போட்டு உட்காருங்க. கையை எங்கேயும் ஊணாம, எதையும் பிடிக்காம எழுந்திருங்க."

செல்வி எழுந்தாள். தனம் எழுந்தாள். அவர்கள் இருவருக்கும் முப்பது தாண்டவில்லை. மற்ற ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஒருத்தி புடவை தடுக்கிறது என்றாள். ஒருத்தி முட்டை ஜீரணம் ஆகவில்லை என்றாள். எனக்குத் தலை சுற்றுகிறது என்று நான் சொன்னேன். ராணியம்மா மட்டும் அசையாமல், "ஏன் எந்திரிக்கணும்? இங்கயே நல்லா காத்து வருது" என்றாள். பையன் பாவம், குனிந்து கையை நீட்டினான். "கை குடுங்கம்மா." ராணியம்மா அவன் புறங்கையில் ஓர் அடி வைத்தாள். "நா இன்னா கெழவியா? போய் டீ குடி, போ."

அவன் டீ குடிக்கப் போனான். அதன் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாகத் தவிக்கிறேன். ராணியம்மா நாலு காலில் ஊர்ந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்தாள். ஒரு கைக்கு மேல் ஒரு கை. இன்னொருத்தி சுவர் மூலைக்குப் போய் முதுகைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். இன்னொருத்தி முதலில் குப்புறக் கவிழ்ந்து, பிறகு கையை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கினாள். ஒருத்திக்கும் அது முதல் தடவை இல்லை. எங்கே பிடிக்க வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. நானும் என் வித்தையைக் காட்டி எழுந்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ராணியம்மா ஏன் எப்போதும் கரையோரமாகவே தடவுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொருத்தி ஏன் எப்போதும் எல்லோருக்கும் முன்னால் கிளம்புகிறாள் என்பதும், வேறொருத்தி ஏன் படகு கட்டியிருக்கும் பக்கமே போகிறாள் என்பதும் புரிந்தது. அக்கா, நீ ஒளித்து வைத்தாயே, அதைத்தான் எல்லோரும் ஒளித்து வைத்திருந்தார்கள். யாரும் ஓடாத பந்தயத்தில் முதலில் வருவதற்காக நீ செத்துப் போயிருக்கிறாய்.

அந்தப் பையனைத் திட்ட எவ்வளவோ இருக்கிறது. எழுந்திருக்க முடியாததற்குத் தினமும் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தான். நாற்காலி எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்கவில்லை. கொடுத்த சட்டை எங்கள் யாருக்கும் பத்தவில்லை, அது இப்போது உன் கொழுந்தனாரின் படகில் என்ஜின் துடைக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் வாயில் பறியோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த நாங்கள் கேட்காததை அவன்தான் கேட்டான். அதற்காகவே அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்.

சரி. சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கார்த்திகையில், நீ போகச் சொன்னதும் நான் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கழிகள் இல்லை. ஏரியில் ஒரே இடத்தில் ஒருத்தரே வலை கட்டக் கூடாது என்று ஆம்பிளைகள் முறை வைத்து மாற்றிக்கொள்வார்களே, அந்தப் பாடு முந்தின நாள்தான் மாறியிருந்தது. பழைய ஆட்கள் கழியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புது ஆட்கள் இன்னும் நடவில்லை. நீ குந்தியபடி அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினாய். இல்லை என்று பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். ஊரில் உன் முட்டியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இன்றைக்கு என்னைக் கூப்பிட்டுத்தான் ஆகணும் என்று தோன்றியது. 'சரசு, ஒரு கை குடுடி' என்று உன் வாயால் வரட்டும் என்று நினைத்தேன். அதற்காக மெதுவாகத்தான் நடந்தேன். கரையேறியும் நின்றேன். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம்தான்.

நீ கூப்பிடவில்லை. பறியை எடுத்து மறுபடியும் வாயில் கடித்துக்கொண்டாய். சேற்றைத் தடவுவது மாதிரி கையை ஆட்டினாய். அதற்குள் மழை வந்து மறைத்துவிட்டது. நான் உன் பக்கம் தண்ணீருக்குள் ஓடி வந்தேன், அக்கா. ஓடி வந்தது நிஜம். ஆனால் மழை பிடித்த உடனே ஓடவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் ஓடினேன். அந்தக் கொஞ்சத்தை ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். உனக்குத் திமிர் என்று என்னால் திட்ட முடியும், திட்டியும் இருக்கிறேன். எனக்கு இருந்ததற்கு என்ன பெயர்?

முகாம் முடிந்த மறுநாள் காலை வழக்கம்போல் எட்டுப் பேரும் இறங்கினோம். பறியைக் கடித்தோம், தடவினோம். வரிசை முடிந்தது. செல்வியும் தனமும் எழுந்து நின்றார்கள். மற்ற ஆறு பேரும் தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். யாராவது 'நீங்க போய்க்கினே இருங்க' என்று சொல்வார்கள் என்று ஒவ்வொருத்தியும் காத்திருந்தோம். நேற்று அப்படிப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எவளுக்கும் முகம் இல்லை.

எனக்கு வாய் வறண்டுவிட்டது, ஏரிக்குள் உட்கார்ந்துகொண்டு. பறியை எடுத்தேன். ராணியம்மாதான் பக்கத்தில் இருந்தாள். சேற்றுக் கையை அவள் பக்கம் நீட்டினேன். அவளும் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னாது?" என்றாள்.

"கை."

"எதுக்கு?"

"எந்திரிக்க முடியல. மூணு மாசமா முடியல. நீங்க போனதுக்கு அப்புறம் நாய் மாதிரி தவழ்ந்துக்கினு வரேன்."

அவள் என்னை முறைத்தாள். கரைக்குப் போய் நண்டுக்குக் கால் கட்டு என்ற வார்த்தை வந்துவிடும் என்று நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன். அவள் பறியை மெதுவாக இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அறிவு கெட்டவளே, என்னாண்ட வந்து கேக்குற? நானே எந்திரிக்க மாட்டாம குந்திக்கினு கீறேன்" என்றாள். என்றாலும் கையைக் கொடுத்தாள். அவள் என்னை இழுக்க, நான் அவளை இழுக்க, இரண்டு பேரும் சேற்றில் மல்லாந்தோம். பிடித்த இறாலில் பாதி அவள் பறியிலிருந்து தப்பித்தது. "போச்சு, எல்லாம் போச்சு, பேஜாரு புடிச்சவளே" என்று கத்தினாள். பிறகு செல்வியைப் பார்த்து, "தூண் மாதிரி நின்னுக்கினு இன்னாடி பாக்குறே? ஜல்தி வந்து தூக்கு" என்றாள்.

செல்வி எனக்குக் கை கொடுத்தாள். தனம் ராணியம்மாவைத் தூக்கினாள். எழுந்தவள் பக்கத்தில் இருந்தவளைத் தூக்கினாள். பழக்கம் இல்லாததால் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஒருத்தி ஜாக்கெட்டைப் பிடித்தாள், ஒருத்தி கொண்டையைப் பிடித்தாள். ஒரே கூச்சல். கடைசி ஆள் நிமிர்ந்து நின்றபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வந்தேன். முட்டி தேய்ந்திருக்கிறது, தண்ணீரில் குந்தாதே என்றார் டாக்டர். குந்தாமல் என்ன செய்வது என்று கேட்டேன், அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனவே குந்துகிறேன். எத்தனை நாள் முடியும் என்று தெரியாது. முடியாத நாளில் கரையில் உட்கார்ந்து நண்டுக்குக் கால் கட்டுவேன். யார் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த முதல் நாள் கரையேறித் துணியைப் பிழியும்போது தனம் கேட்டாள். "எல்லாத்தையும் தூக்குறதுக்கு ஒரு அஞ்சு நிமிசம் ஆயிருக்குமா, சரசக்கா?"

ஆறு பேருக்கு ஐந்து நிமிஷம், அதுவும் விழுந்து புரண்டு. உன் ஒருத்திக்கு எவ்வளவு ஆகியிருக்கும், அக்கா?

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். இனி அந்தத் தண்ணீரில் எவளாவது கடைசியாக உட்கார்ந்திருந்தால், அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், என்னைக் காறித் துப்பினாலும், அவளை நிறுத்திவிட்டுத்தான் கரையைப் பார்ப்பேன். தூக்க எனக்குத் தெம்பு இல்லாவிட்டால், ஆள் வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மழை வந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு, நீ கூப்பிடட்டும் என்று பார்த்திருந்த
உன் ஓரகத்தி,
சரசு